புளி போட்டுத் தேய்த்த யானைக் காசு

பழைய காசைக் கழுவாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கேட்டவர் யார்? ஒருவரும் இல்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருதமுனையில் எனக்கு ஒரு கைத்தறிப் பட்டறை இருந்தது. சாறன் என்கிற லுங்கி நெசவு. நூல் வாங்கக் கொழும்புக்குப் போகிற நாட்களில் புறக்கோட்டையில் பழங்காசு விற்கிற ஒருவரின் கடை முன்னால் நின்று நின்று பிடித்துக்கொண்டதுதான் இந்தக் காசுப் பைத்தியம். துணியில் இழை எண்ணுவதற்குப் பித்தளையில் ஒரு மடக்குக் கண்ணாடி உண்டு. துணி மேல் நிறுத்தி வைத்துக் குனிந்து பார்த்தால் ஓர் இழை கயிற்றுப் பருமனில் தெரியும். அதே கண்ணாடியால் காசும் பார்க்கத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. பாண்டிருப்பு, சாய்ந்தமருது, நாவிதன்வெளி வயற்பக்கம் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் காசை முடிந்துகொண்டு பட்டறைக்கு வருவார்கள். வயல் உழும்போது அகப்பட்டது, கிணறு தோண்டும்போது அகப்பட்டது, மூத்தம்மாவின் பெட்டியில் கிடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. கதை எவ்வளவு நீளமோ காசு அவ்வளவு மட்டமாக இருக்கும்.

மட்டமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. நல்ல காசைக் கெடுத்துக்கொண்டு வருவார்கள், அதுதான் எனக்குப் பொறுக்காது. எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் வீட்டை விட்டு இன்னொருவர் கைக்குப் போகிறதென்றால் துலக்காமல் கொடுப்பது பெரிய குறைச்சல். அயல் வீட்டுக்குக் கறி அனுப்புகிற கோப்பையானாலும், கந்தூரிச் சாப்பாட்டுக்குப் பள்ளிவாசலுக்கு இரவல் கொடுக்கிற சட்டியானாலும், பழம்புளியும் உமிச்சாம்பலும் போட்டுப் பளபளவென்று ஆக்கித்தான் கொடுப்பார்கள். காசுக்கும் அதே மரியாதைதான். வெள்ளிக் காசில் வருடக்கணக்காக ஏறிய கறுப்பு அழுக்கு இல்லை, அது காசின் தோல். புளி அந்தத் தோலை உரிக்கும், சாம்பல் அடியில் உள்ள சதையையும் சுரண்டும். தேய்த்து முடித்தால் தகரக் கரண்டிக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

"ஏன் கழுவின நீங்க?" என்று நான் பாய்வேன்.

"ஊத்தையோட எப்பிடிக் காக்கா உங்கட கையில தாற?" என்று அவர்கள் பாவமாகக் கேட்பார்கள். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

நான் கத்துவேன். தறிகள் கொஞ்ச நேரம் நிற்கும். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுப் போய், அடுத்த முறை இன்னும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு வருவார்கள். இந்தக் கத்தலை நாள் தவறாமல் கேட்ட ஆள் ஒன்று பட்டறையில் உண்டு. என் சாச்சியின் மகள், எனக்குத் தங்கை முறை. பட்டறைக்குப் பின் ஒழுங்கையில்தான் அவளுடைய வீடு. என் தறிகளுக்கு ஊடை நூலைக் குழலில் தாராகச் சுற்றித் தருவாள். காலையில் சுற்றிய தார்க் கூடையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுத்த நூலை நான் நிறுத்துக் கொடுக்கும் வரை ஓரமாக நிற்பாள். அதிகம் கதைக்க மாட்டாள். நானும் அவளை அதிகம் கவனித்ததில்லை. அவளிடம் இருந்த காசைத்தான் கவனித்தேன்.

எழுபதுகளின் நடுவில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சாய்ந்தமருதில் கடற்தொழில் செய்கிறவர். நூற்றியொரு ரூபாவும் ஒரு வெள்ளிக் காசும் மஹர் என்று பேசி முடித்திருந்தார்கள். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணின் கையில் கொடுக்க வேண்டியது. அது அவளுக்கு மட்டுமே சொந்தம், தாயோ தகப்பனோ தொட முடியாது. ரூபா எப்படியும் செலவாகிவிடும் என்பதால், தங்கி நிற்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் தங்களிடம் இருந்த பழைய காசு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். நிக்காஹ் முடிந்த பிறகு அதை என்னிடம் காட்டினார்கள். வேலை கெட்ட வேலையாகக் கண்ணாடி என் சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது.

காசு இறைசால். இந்த நாட்டுக்கு ரூபா வருவதற்கு முன் ஆங்கிலேயர் அடித்த வெள்ளிப் பணம். ஒரு பக்கம் ராசாவின் தலை, மறுபக்கம் யானை. அதனால் எங்கள் ஆட்களுக்கு அது யானைக் காசு. அதற்கு முன் இரண்டொரு யானைக் காசு பார்த்திருக்கிறேன். எல்லாம் பிள்ளைகளின் அரைக்கொடியில் கோர்க்க ஓட்டை போட்டவை, அல்லது மாலைக்கு வளையம் வைத்து ஒட்டியவை. முதலில் விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன், ஒட்டுப் போட்ட தடயம் எதுவுமில்லை. பிறகு மேடான இடங்களைப் பார்த்தேன். காசு தேயத் தொடங்குவது அங்கேதான். ராசாவின் காதுக்கு மேலே சுருள் மயிர் இழை இழையாகத் தெரிந்தது. யானையின் கண் தெரிந்தது, நெற்றி மட்டும் கொஞ்சம் மழுங்கியிருந்தது. வாசற்படிக் கல்லில் மெல்லப் போட்டுப் பார்த்தேன். சுத்த வெள்ளியின் நீண்ட ஓசை. எல்லாவற்றுக்கும் மேலாக அதன் நிறம். நடுவில் சாம்பல், விளிம்புக்குப் போகப் போக நீலம் கலந்த கறுப்பு. அதன் பிறவியிலிருந்து ஒருவரும் அதைத் தேய்க்கவில்லை. இன்னொருவரின் கல்யாணத்தில் நின்றுகொண்டு ஆசைப்பட்டேன், மறைக்க என்ன இருக்கிறது?

"தங்கச்சி, இத விக்கிறதெண்டா எனக்குத்தான் முதல்ல சொல்லணும்" என்றேன்.

"மஹர் காச யாரும் விப்பாங்களா காக்கா?" என்றாள் மணப்பெண்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. நோன்புப் பெருநாளுக்குக் கேட்டேன், ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கேட்டேன். அவளுக்குப் பிள்ளை பிறந்து பார்க்கப் போன இடத்திலும் கேட்டேன். "அந்தப் புள்ளைக்கு சலாம் சொல்ல முந்தி காசக் கேக்கிறீங்க, உங்களுக்கு வெக்கமில்லையா?" என்று என் மனைவி ஏசினாள். எனக்கு வெட்கம் வரவில்லை. அந்தக் காசு அவளுடைய அலுமாரியில் ஒரு கராம்பு டப்பாவுக்குள் கிடந்தது என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது.

பிறகு சூறாவளி வந்தது. எங்கள் கரையில் அதைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, காணாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்புகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. என் பட்டறையின் கிடுகுக் கூரை எந்த ஊரில் விழுந்ததென்று தெரியவில்லை, தறிகள் மழையில் நின்றன. கடற்கரைப் பள்ளியின் முகட்டு ஓடு பாதிக்கு மேல் பறந்துவிட்டது. தங்கையின் புருசன் அந்தக் கிழமை ஊரில் இல்லை. வாகரைப் பக்கம் மீனவர் தங்கித் தொழில் செய்யும் வாடிக்குப் போயிருந்தார். றோட்டெல்லாம் மரம் விழுந்து மூடிக் கிடந்தது, தந்தி இல்லை, பஸ் இல்லை. மட்டக்களப்பிலிருந்து நடந்து வந்த ஒருவர் வாகரையில் வாடிகள் இருந்த இடமே தெரியவில்லை என்று சொன்னார். அதை அவர் தங்கையின் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

அவள் அழவில்லை என்று என் மனைவி வந்து சொன்னாள். வீட்டுக்குள் போய்க் கராம்பு டப்பாவைத் திறந்து காசை எடுத்து, ஒரு துண்டுத் துணியில் முடிந்து, குடிசை போல மிஞ்சி நின்ற வீட்டின் கூரை வளைமரத்தில் கட்டினாளாம். ஆள் உயிரோடு வந்தால் இது கடற்கரைப் பள்ளிக்கு என்று நேர்ந்தாளாம்.

எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். ஊரே இடிந்து கிடக்கிறது, நான் காசுக்காகக் கோபப்படுகிறேன். அவளிடமே போய்க் கேட்டேன். "நேர்றதுக்கு வேற சாமானே கிடைக்கல்லயா? ஒரு கோழிய நேர்ந்தா என்ன?"

"ஊடு உம்மா தந்த. நகை நட்டு வாப்பா தந்த. அவரு தந்த சாமான் இது ஒண்டுதான் காக்கா" என்றாள். "அவரு தந்தத நான் திருப்பித் தாறன், அவரத் திருப்பித் தா எண்டு கேட்டன்."

பட்டறைக்கு வந்து தறிகளைத் துடைக்கத் தொடங்கினேன்.

ஆள் வந்தார். ஊர் பேசி அலுத்துப்போன ஒரு பகலில், காலில் ஒரு பெரிய வெட்டுக்காயத்தோடு, யாரோ கொடுத்த காற்சட்டையைப் போட்டுக்கொண்டு கல்முனைப் பக்கமிருந்து நடந்து வந்தார். சாறன் தவிர வேறு எதையும் அவர் உடுத்து நான் கண்டதில்லை. காற்சட்டையோடு அவரைக் கண்டு சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர் வந்து சேர்ந்த பிறகு நேர்ச்சை நேர்ச்சைதான். அதற்குப் பதிலாக அதே பெறுமதிக்குப் பணம் கொடுக்கலாமா என்று மார்க்கம் தெரிந்த லெப்பையிடம் கேட்டுப் பார்த்தார்கள். நேர்ந்த பொருள் எதுவோ அதைத்தான் கொடுக்க வேண்டும், ஆனால் பள்ளி அதை ஏலத்தில் விடும்போது நீங்களே கேட்டு எடுத்தால் குற்றமில்லை என்றார் அவர்.

அதுதான் எங்கள் வழக்கம். வருடா வருடம் பள்ளியில் நடக்கும் கொடியேற்றத்துக்கு வந்து சேரும் நேர்ச்சைப் பொருளை எல்லாம் பள்ளி முற்றத்தில் ஏலம் போடுவார்கள். அங்கே சந்தை விலை செல்லாது. கடையில் சில்லறைக்கு விற்கிற தேங்காய் அங்கே ஒரு சாறன் விலைக்குப் போகும். பரக்கத்துக்காக, இறையருளுக்காகக் கேட்கிறார்கள், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கோழியை நேர்ந்தவர் அந்தக் கோழியையே நாலு மடங்கு கொடுத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதும் உண்டு. தங்கையின் புருசன் காசை அப்படி எடுத்துவிடத் தீர்மானித்தார். கொடியேற்றத்துக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. கால் ஆறியதும் கடலுக்குப் போனார். கடல் இல்லாத நாளில் விழுந்த தென்னைகளைத் தறித்து ஏற்றுகிற கூலி வேலைக்குப் போனார். வெற்றிலையை விட்டார், தேத்தண்ணிக் கடையை விட்டார். அந்தக் காசை அவளுடைய கையில் திரும்ப வைக்காவிட்டால் தான் முழு ஆளாக வந்ததாக ஆகாது என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். அவர் அப்படியெல்லாம் கதைக்கிற மனுசன் இல்லை.

இப்படி இருக்கும்போது பள்ளித் தலைவர் என் பட்டறைக்கு வந்தார். நல்ல மனுசன். எதைச் சொல்வதென்றாலும் முதலில் குடும்பச் சுகம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் சொல்வார்.

"பள்ளி முகட்டப் பாத்தீங்கதானே தம்பி. மழை வந்தா ஸஜ்தாவுக்கு நெத்தி வைக்கிற இடத்தில தண்ணி நிக்கிது. அந்த யானைக் காசு பெறுமதியான சாமான் எண்டு கேள்விப்பட்டம். கொழும்பு முதலாளி ஒருத்தருக்குச் சொல்லி விட்டிரிக்கி. ஏலத்தண்டு நீங்களும் வந்து பாத்து, இதிட நெலம இது, பெறுமதி இது எண்டு சபையில சொன்னா அங்கயிருந்து தொடங்கலாம்."

அந்தக் கொழும்பு முதலாளியை எனக்குத் தெரியும். அறுகம்பேயில் அலை விளையாட வந்து தங்கும் வெள்ளைக்காரருக்குப் பித்தளை விளக்கும் வெற்றிலைத் தட்டும் பழங்காசும் கொண்டுபோய் விற்கிறவர். தொழில் தெரிந்தவர். அந்தக் காசைக் கண்டால் விடமாட்டார். அவர் வாய் திறந்து கேட்கிற முதல் விலையே, தங்கையின் புருசன், அதாவது என் மச்சான், உப்புத் தண்ணீரில் நின்று சேர்த்ததையெல்லாம் தாண்டிவிடும்.

சரி என்று தலைவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். காசு மட்டமானது என்று ஒரு பொய் சொன்னால் போதும். ஊரில் என் சொல்லைத்தான் நம்புவார்கள். ஆனால் பள்ளிக்கு உரிய பொருளில் பொய் சொல்வதா? சரி, உண்மையைச் சொன்னால் தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது? இந்த இரண்டுக்கும் நடுவில், முதலாளி அளவுக்கு எனக்கும் கேட்க முடியுமே, பட்டறைக்கு நூல் வாங்க வைத்திருக்கிற பணம் இருக்கிறதே என்று ஒரு நினைப்பு பூனை மாதிரி வந்து வந்து காலைச் சுற்றியது. அதை நான் துரத்தினேன் என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்தான்.

மச்சானிடம் போய் விசயத்தைச் சொன்னேன், முதலாளி வருகிறார் என்பதையும் சேர்த்து. தங்கை அடுப்படியில் இருந்தாள், அவளுக்கும் கேட்டிருக்கும். அவர் வலையைத் தைத்துக்கொண்டே இருந்தார்.

"பள்ளிக்குச் சேர வேண்டிய ஹக்கு, மச்சான். உள்ளத உள்ளபடி சொல்லுங்க" என்றார்.

"சொன்னா உங்களுக்குக் கிடைக்காது."

"தெரியும்."

இந்த மாதிரி நேர்மையான ஆட்களோடு உறவு வைத்திருப்பது பெரிய கரைச்சல். கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

ஏலம் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. பள்ளி முற்றத்து மணலில் பாய் விரித்து, ஒரு பக்கம் பெண்களுக்காகத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். மினாராவில் கொடி அடித்துக்கொண்டிருந்தது. தென்னைகள் எல்லாம் விழுந்த வருடம், தேங்காய்க்குப் பஞ்சம். நேர்ச்சைக்கு வந்த தேங்காய் ஒவ்வொன்றும் போன விலையைப் பார்த்து முதலாளியே வாயைப் பிளந்தார். அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மச்சான் எல்லாருக்கும் பின்னால், மதிலோடு நின்றார்.

தேங்காயும் கோழியும் முடிந்தபின் தலைவர் ஒரு புது வெள்ளைத் துணி முடிச்சை என் முன்னால் வைத்தார். கண்ணாடியை விரித்து வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தேன்.

உள்ளே பளபளவென்று ஒரு வட்டம் கிடந்தது.

வேறு காசை மாற்றி வைத்துவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். திருப்பினேன், யானை இருந்தது. ஆனால் யானைக்குக் கண் இல்லை. ராசாவின் காதுக்கு மேலே சுருள் மயிர் இருந்த இடம் வழுக்கை. நீலமும் கறுப்பும் போன இடம் தெரியவில்லை. புளியும் சாம்பலும் மட்டும் இல்லை, கடற்கரை மணலையும் போட்டுத்தான் தேய்த்திருக்க வேண்டும். கண்ணாடிக்குள் கீறல்கள் தறியில் கட்டிய பாவு போல வரிவரியாக ஓடின. எழுத்துகளின் இடுக்கில் ஒரு துணுக்குப் புளித் தும்பு இன்னும் இருந்தது. எனக்குத் தலைக்குள் சூடு ஏறியது. சபை என்றும் பாராமல் துணி மறைப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். துணியைத் தவிர வேறு என்ன தெரியப் போகிறது?

முதலாளி என் கையிலிருந்து காசை வாங்கினார். தன்னுடைய கண்ணாடியை எடுக்கவே இல்லை. வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு நாக்கைத் தட்டினார்.

"நாசமாக்கிட்டாங்களே. இதெ யாரு வாங்குவாங்க? உருக்கத்தான் சரி" என்று சொல்லித் துணி மேல் வைத்தார். பொத்துவில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று தலைவரிடம் சொல்லி எழும்பினார்.

தலைவரின் முகம் வாடிவிட்டது. அண்ணாந்து பள்ளி முகட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நீங்க சொல்லுங்க தம்பி" என்றார்.

சபை என்னைப் பார்த்தது. "சுத்த வெள்ளி. எடையும் சரி. பழைய இறைசால்தான், அதில சந்தேகமில்ல" என்றேன். "ஆனா தேச்சிக் கழுவிக் கெடுத்த காசு. இப்ப இதுக்கு வெள்ளி விலைதான்." சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. எந்தப் பொய்யைச் சொல்லலாமா என்று நாட்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டேனோ, அது அன்றைக்குத் தேவைப்படவே இல்லை.

பாங்கு சொல்லும் மோதினார் வெள்ளி விலையிலிருந்து ஏலத்தைத் தொடங்கினார். கல்முனைக் கடைக்காரர் ஒருவர் பரக்கத்துக்காகக் கொஞ்சம் கூட்டினார். இன்னொருவர் அதன்மேல் கொஞ்சம். உடனே மதிலோரத்திலிருந்து மச்சான் ஒரு தொகையைச் சொன்னார். கைவசம் இருந்த முழுத் தொகையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஏலம் கேட்கத் தெரியாத மனுசன்! கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் அதில் கால்வாசிக்கே கிடைத்திருக்கும். தலைவருக்கே மனம் பொறுக்காமல், "கொஞ்சம் யோசிச்சிச் சொல்லுங்க" என்றார்.

"சொன்ன சொன்னதுதான்" என்றார் மச்சான்.

முதலாளி கேட்டிருக்கக்கூடிய விலைக்கு அது எட்டாது. என்றாலும் அன்று அந்த முற்றத்தில் போன வேறு எந்தப் பொருளும் அதன் கிட்டவும் வரவில்லை. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று மோதினார் முடித்தார். மச்சான் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காசை எடுத்துக்கொண்டு துணி மறைப்புப் பக்கம் போனார். துணிக்குக் கீழால் ஒரு கை நீண்டது. அதில் வைத்தார். கை மூடிக்கொண்டு உள்ளே போனது.

காசு கழுவாமல் வந்திருந்தால் அன்று நான் வாய் திறந்து ஏலம் கேட்டிருக்க மாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் மறுநாள் தார்க் கூடையோடு வந்தவளை நிறுத்தி வைத்து ஏசினேன். இவ்வளவு நாள் இந்தப் பட்டறையில் நின்று என் கத்தலைக் கேட்டும் உனக்கு மண்டையில் ஏறவில்லையா, உன் கையை என்ன செய்தால் தகும் என்றெல்லாம் கேட்டேன். தறிக்காரர்களுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"பள்ளிக்குக் குடுக்கிற சாமானக் கறுப்பாக் குடுக்கலாமா காக்கா?" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

நூலை வாங்கிக்கொண்டு போனாள். உலகத்து மடமை எல்லாம் என் குடும்பத்தில்தான் வந்து குவிந்திருக்கிறது என்று அன்று மனைவியிடம் சொன்னேன். "குவிஞ்சிதான் இரிக்கி" என்றாள் அவள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு பெருநாட்களுக்குப் போனால் அந்தக் காசைப் பற்றி நான் கேட்பதில்லை. முதலில் சலாம் சொன்னேன், பிள்ளைகளைத் தூக்கினேன். அந்த வீட்டில் எனக்குத் தரும் தேத்தண்ணியில் சீனி கூடியது போலவும் பட்டது.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள். கொழும்புப் பாதை அடிக்கடி மூடுபட்ட காலம், நூல் ஒழுங்காக வந்து சேராது. தறிகளில் பாதி சும்மா நின்றன. பட்டறையில் நான் தனியாக இருந்தபோது அவள் வந்தாள். கூடை இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து யானைக் காசை எடுத்து என் முன்னால் வைத்தாள். முகத்தில் ஒரு பயம் இருந்தது. மச்சானுக்கு ஏதாவது நோய் வருத்தமோ, விற்கத்தான் கொண்டுவந்தாளோ என்று எனக்குத் திக்கென்றது.

"இஞ்ச பாருங்க காக்கா, இது திரும்பக் கறுத்துக்கிட்டு வருது" என்றாள்.

கண்ணாடியை எடுத்தேன். உண்மைதான். விளிம்போரம் மெல்லிய மஞ்சள் ஏறி, அதற்கும் வெளியே கறுப்புக் கோடு விழத் தொடங்கியிருந்தது. கராம்பு டப்பாவின் வேலை.

"அது அப்பிடித்தான், தோல் திரும்ப வருது. இனியாவது தேக்காத."

"கறுப்பு திரும்ப வந்தா விலையும் திரும்ப வந்திருமா?"

கேட்ட விதம் எனக்கு விளங்கவில்லை. விலை கூடினால் யாராவது பயப்படுவார்களா? அவளைப் பார்த்தேன். அவள் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"தெரிஞ்சிதான் தேச்சன் காக்கா. தேச்சா விலை போயிரும் எண்டு நீங்கதானே நாளாந்தம் கத்துவீங்க. அவரு உங்களுக்கிட்ட உள்ளத சொல்லுங்க எண்டாரு. நான் அடுப்படியில இரிந்து கேட்டன். பொய் ஒருத்தரும் சொல்லவும் கூடாது, காசு போகவும் கூடாது. மறுகா நான் என்ன செய்ற? புளி போதாதெண்டு மண்ணும் போட்டுத் தேச்சன். அந்த யானைட கண்ணு அழியக்குள்ள எனக்கு அழுகை வந்திட்டு."

காது கேட்காதவர்களுக்குக் கத்திக்கொண்டிருந்தேன் என்று நினைத்த இத்தனை வருடத்தில், ஒரே ஒரு ஆள் ஒழுங்காகக் கேட்டிருக்கிறாள். கேட்டு, அதை வைத்துப் பள்ளித் தலைவரையும் கொழும்பு முதலாளியையும் ஒரு புளி உருண்டையால் வென்றிருக்கிறாள். நான் அவளை மடச்சி என்று ஏசியிருக்கிறேன்.

"அந்த முதலாளிக்கு அவ்வளவு பயந்தா?" என்றேன்.

"அவருக்கும்தான்" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்குத்தான் காக்கா அதவிடக் கூடப் பயந்தன்."

தறிகள் எதுவும் ஓடாத நேரம் என்பதால் அது நன்றாகக் கேட்டது. நான் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு காசை மறுபடி கண்ணாடிக்குக் கீழ் வைத்து, விளிம்பு, மயிர், யானையின் நெற்றி என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தேன். அந்தக் காசுக்கு என் வாழ்நாளில் நான் செய்த மிக நேர்மையான மதிப்பீடு அதுதான்.

"ராசாவுக்கு இனி மயிர் முளைக்காது, தங்கச்சி. யானைக்குக் கண்ணும் வராது. கறுத்தாலும் வெளுத்தாலும் இனி வெள்ளி விலைதான்."

அவள் முகம் தெளிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று காசை எடுத்து முந்தானையில் முடிந்தாள். போகும்போது வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்ப இனி ஒருத்தரும் கேட்டு வரமாட்டாங்க" என்றாள்.